குளிருக்கு ஒரு கோப்பை விஸ்கி: கேள்வி பதில்

எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில் 11 ஆண்டுகள் மதுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே டிசம்பரில் மாலை மூன்றரை மணி தாண்டினால் பொழுது சாய்ந்துவிடும். கடற்காற்றில் விறைத்துப்போன கைகளோடு உள்ளே வருபவர்களுக்குச் சூடாக என்ன கொடுப்பது என்பதே குளிர்காலம் முழுவதும் என் வேலை. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டொராண்டோவிலிருந்து ஒருவர்: அக்கா, ஹாட் டாடி செய்யும்போதெல்லாம் மூக்கில் காரமாக ஏறுகிறது. விஸ்கி, தண்ணீர், தேன், எலுமிச்சை எல்லாவற்றையும் ஒன்றாகப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறேன். எங்கே தவறு?

அந்தக் கொதியில்தான் தவறு, தம்பி. சாராயத்தின் கொதிநிலை சுமார் 78 பாகை. தண்ணீர் கொதிக்கும் முன்பே அது ஆவியாகக் கிளம்பிவிடும். கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் அந்த ஆவிதான் மூக்கில் அடிக்கிறது. விஸ்கியின் நல்ல மணமும் அதோடு போய்விடுகிறது. விஸ்கியை அடுப்பில் ஏற்றவே கூடாது.

நான் செய்யும் முறை இது. முதலில் கோப்பையில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்திருந்து கொட்டிவிடுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இது. குளிர்ந்த பீங்கான் கோப்பை பானத்தின் சூட்டில் ஒரு பங்கை ஊற்றியவுடன் குடித்துவிடும். பிறகு சூடான அந்தக் கோப்பையில் இரண்டு தேக்கரண்டி தேன், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிறு துண்டுப் பட்டை போட்டு, கெட்டில் கொதித்து இரண்டு நிமிடம் ஆறிய தண்ணீர் 120 மி.லி. ஊற்றிக் கலக்குங்கள். தேன் கரைந்த பிறகு, கடைசியாக, விஸ்கி 35 மி.லி. அதற்கு மேல் வேண்டாம். ஜிக்கர் என்னும் அளவுக் குவளை இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டியும் ஒரு தேக்கரண்டியும் சேர்ந்தால் 35 மி.லி. பாட்டிலிலிருந்து கண் மதிப்பாக ஊற்றும் கை எப்போதும் தாராளமாகத்தான் ஊற்றும்.

கிராம்பைத் தனியாகப் போட்டால் வாயில் அகப்படும். அயர்லாந்தில் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். எலுமிச்சையை வட்டமாக நறுக்கி, தோலுக்கும் சதைக்கும் நடுவே நான்கைந்து கிராம்புகளை ஆணி அடித்ததுபோலக் குத்திவிடுவார்கள். வெந்நீரில் அந்த வட்டம் மிதக்கும்போது தோலின் எண்ணெயும் கிராம்பின் மணமும் சேர்ந்தே இறங்கும். கண்ணாடிக் குவளை என்றால் வெந்நீர் ஊற்றும் முன் அதில் ஒரு உலோகக் கரண்டியைப் போட்டு வையுங்கள். என் முதல் குளிர்காலத்தில் நான் அதை மறந்து ஊற்ற, குவளை அடியோடு விரிசல் விட்டு, வாடிக்கையாளரின் மடியில் வெந்நீர் கொட்டியது. நல்லவேளையாகத் தடித்த கோட்டு போட்டிருந்தார்.

ஆஸ்லோவிலிருந்து: ஐரிஷ் காபியில் எனக்கு க்ரீம் மிதப்பதே இல்லை. ஊற்றியவுடன் கலந்து பால் காபியாகிவிடுகிறது. கடைகளில் மட்டும் எப்படி நிற்கிறது?

காபியில் சர்க்கரை போட்டீர்களா? பெரும்பாலும் காரணம் அதுதான். விஸ்கி தண்ணீரைவிட லேசானது. அதைக் காபியில் சேர்த்தால் மொத்தமும் லேசாகி, க்ரீம் உள்ளே இறங்கிவிடும். சர்க்கரை கரைந்தால் காபி கனத்து, க்ரீமைத் தாங்கும். இனிப்பு வேண்டாம் என்பவர்களும் ஒரு தேக்கரண்டியாவது போட்டே ஆகவேண்டும். நான் பழுப்புச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி போடுவேன்.

அடுத்தது க்ரீமின் பதம். 35 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புள்ள, இனிப்புச் சேர்க்காத க்ரீம் வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த க்ரீமை மூடியுள்ள ஜாம் பாட்டிலில் பாதியளவு ஊற்றிக் குலுக்குங்கள். சளசளவென்ற சத்தம் மந்தமாகிக் கனத்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆப்ப மாவு கரண்டியிலிருந்து விழுவதுபோல விழவேண்டும். இட்லி மாவு பதத்துக்குப் போய்விட்டால் கட்டியாக நிற்கும், உதட்டில் வழுக்கி வராது. அமுக்கிப் பீய்ச்சுகிற டப்பாக் க்ரீம் இதற்கு உதவவே உதவாது. சூடு பட்டதும் அமுங்கிப்போகும்.

சூடாக்கிய கண்ணாடிக் குவளையில் 120 மி.லி. கடுங்காபி, சர்க்கரை, 35 மி.லி. ஐரிஷ் விஸ்கி. சர்க்கரை முழுதும் கரையும் வரை கலக்குங்கள். சுழல் நின்று மேற்பரப்பு அசையாமல் இருக்கவேண்டும். பிறகு கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகு காபியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்து, முதுகின் மேல் க்ரீமை மெல்ல வழியவிடுங்கள். ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படியும். அதன் பிறகு கலக்கக் கூடாது. குளிர்ந்த க்ரீம் வழியாகச் சூடான காபி வருவதுதான் இதன் சுகம்.

உங்களுக்கு வந்த தொல்லை பெரிய கடைக்கும் வந்திருக்கிறது. அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் என்ற ஊரில் அப்போது கடல் விமானங்கள் இறங்கும் நிலையம் இருந்தது. 1943 குளிர்காலத்தில் ஒரு விமானம் மோசமான வானிலையால் பாதி வழியில் திரும்பி வர, நடுங்கிக்கொண்டு இறங்கிய பயணிகளுக்கு அங்கே சமையலராக இருந்த ஜோ ஷெரிடன் காபியில் விஸ்கி கலந்து கொடுத்தார் என்பார்கள். 1952இல் சான் பிரான்சிஸ்கோவின் புவெனா விஸ்டா உணவகத்தில் அதேபோலச் செய்ய முயன்றபோது க்ரீம் மூழ்கிக்கொண்டே இருந்தது. க்ரீமை இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு நுரைக்க அடித்துத்தான் சரிசெய்தார்கள்.

கொடைக்கானலிலிருந்து: நம் ஃபில்டர் டிகாக்ஷனில் ஐரிஷ் காபி செய்யலாமா? இங்கே கிடைக்கும் விஸ்கி சரிவருமா?

டிகாக்ஷன் சரிவரும். ஆனால் முதல் டிகாக்ஷனை அப்படியே ஊற்றாமல் சம அளவு வெந்நீர் சேருங்கள். சிக்கரி கலக்காத பொடியாக இருந்தால் நல்லது. சிக்கரியின் கசப்பும் ஓக் மரப்பீப்பாயின் துவர்ப்பும் ஒன்றோடொன்று மோதும்.

விஸ்கி விஷயத்தில் பாட்டிலின் சீட்டைப் படியுங்கள். நம் நாட்டில் மலிவாக விற்கும் விஸ்கிகள் பலவற்றில் இருப்பது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. சூடாக்கும்போது அதன் குறைகள் எல்லாம் மேலே வந்துவிடும். அதே சமயம், தானியத்திலிருந்து முறையாக வடித்த நல்ல இந்திய விஸ்கியும் இருக்கிறது. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து வடித்த விஸ்கியை, 2004இல் முதலில் கொண்டுபோய் வைத்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்தான். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அதை ஊற்றிக் கொடுத்து அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பெருமையான வேலையாக இருந்தது. ஆனால் அதைக் காபியில் ஊற்றாதீர்கள், தனியாகச் சிறிது தண்ணீர் விட்டுக் குடியுங்கள். காபிக்குத் தானியத்தில் வடித்த நடுத்தர விலை விஸ்கியே போதும்.

நுவரெலியாவிலிருந்து: இங்கும் குளிர்தான், அக்கா. விஸ்கிக்குப் பதிலாகத் தென்னஞ்சாராயத்தில் செய்யலாமா?

தாராளமாக. 'டாடி' என்ற சொல்லே நம் பக்கத்துப் பனங்கள்ளிலிருந்து போனதுதான். இந்தியில் கள்ளைத் தாடி என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் அது டாடியாகி, ஸ்காட்லாந்தில் வெந்நீரில் கலந்த விஸ்கிக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. தென்னங்கள்ளை வடித்துத்தான் உங்கள் சாராயம் வருகிறது. அந்த வகையில் பெயருக்கு விஸ்கியைவிட அதற்குத்தான் உரிமை அதிகம்.

தேனுக்குப் பதில் கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பாகு, இரண்டு தேக்கரண்டி விடுங்கள். உங்கள் ஊர்த் தேசிக்காய்க்கு, அதாவது சிறிய பச்சை எலுமிச்சைக்கு, புளிப்புக் கூர்மை அதிகம் என்பதால் சாற்றை இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். இஞ்சியைத் தட்டி வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடித்து ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கும். கடையில் வாங்கிய, சீட்டு ஒட்டிய பாட்டில் மட்டும். எங்கோ வடித்த சாராயத்தில் மெத்தனால் இருந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

லண்டனிலிருந்து ஓர் அம்மா: சளி, காய்ச்சலுக்கு மிளகு தட்டிப்போட்டு விஸ்கி கொடுத்தால் சரியாகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை, அம்மா. தொண்டைக்கு இதமாக இருப்பது தேனும் ஆவியும் வெந்நீரும். விஸ்கி சளியைக் குணப்படுத்தாது. பாரசிட்டமால் எடுத்துக்கொண்டிருக்கும்போதும், தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து குடித்திருக்கும்போதும் மது வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது. இதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

உடம்பு சூடாவதுபோலத் தோன்றுவதும் தோற்றமே. மது தோலடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியேறுகிறது. அதனால் பனியில் நடக்கப் போகும் முன் குடிப்பது ஆபத்து. நடந்து முடித்து, வீட்டுக்கு வந்து, ஈரக் காலுறையைக் கழற்றி, கதவைச் சாத்திய பிறகுதான் இந்தக் கோப்பை. நீங்கள் இருக்கும் பிரிட்டனில் மருத்துவத் துறை சொல்லும் மேல் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட். ஒரு யூனிட் என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால். 40 விழுக்காடு விஸ்கி 35 மி.லி. என்பது 1.4 யூனிட். நான் சூடான கோப்பைகளுக்கு 35 மி.லி. என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கால்கரியிலிருந்து: புகை வாடை அடிக்கும், ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி ஒன்று பரிசாக வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. தூக்கிப் போடவும் மனமில்லை.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! வாற்கோதுமையைச் சதுப்பு நிலத்துக் கரியில், அதாவது பீட்டில், புகை காட்டி உலர்த்துவதால் வரும் வாடை அது. தனியாகக் குடிக்கப் பழகவில்லை என்றால் அதைத் தாளிதம்போலப் பயன்படுத்துங்கள். 2005இல் நியூயார்க்கில் சாம் ராஸ் என்பவர் உருவாக்கிய பெனிசிலின் என்ற கலவை இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கும்.

50 கிராம் இஞ்சியை வில்லைகளாக நறுக்கி, தேனும் தண்ணீரும் 100 மி.லி. வீதம் சேர்த்து ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் வைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு வடிகட்டுங்கள். சாதாரணக் கலவை ஸ்காட்ச் 50 மி.லி., எலுமிச்சைச் சாறு 20, இந்த இஞ்சிப் பாகு 20. பனிக்கட்டியோடு குலுக்கி வடித்து, மேலே உங்கள் புகை விஸ்கியை ஒரு தேக்கரண்டி மட்டும் மிதக்கவிடுங்கள். குளிரில் பனிக்கட்டி எதற்கு என்று தோன்றினால், ஸ்காட்சை 30 ஆகக் குறைத்து, பனிக்கட்டிக்குப் பதில் 100 மி.லி. வெந்நீர் ஊற்றுங்கள். எனக்கு இந்தச் சூடான வடிவமே அதிகம் பிடிக்கும். முதல் மூச்சில் அடுப்புப் புகை, முதல் மிடறில் இஞ்சி.

சூரிக்கிலிருந்து: ஓல்டு ஃபேஷண்ட் குளிருக்கு ஏற்றதா?

ஏற்றதுதான். மெதுவாகக் குடிக்கவேண்டிய பானம். 1806இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றிடம் 'காக்டெய்ல்' என்றால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டார். சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாறு சேர்ந்த கலவை என்று பதில் வந்தது. கிட்டத்தட்ட இதுதான் அது. போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி 50 மி.லி., சர்க்கரைப் பாகு ஒரு தேக்கரண்டி, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டல், பெரிய பனிக்கட்டி ஒன்று. அரை நிமிடம் கலக்குங்கள். ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவி, வெளிப்புறம் குவளையைப் பார்த்திருக்க மடித்து அழுத்தினால், விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் தூவானமாகத் தெறிப்பது தெரியும். பானத்தின் மணத்தில் பாதி அதுதான்.

சிட்னியிலிருந்து: எரியும் விஸ்கியை இரண்டு குவளைகளுக்கிடையே ஊற்றும் காட்சி பார்த்தேன். வீட்டில் செய்யலாமா?

வேண்டாம். அதற்கு ப்ளூ பிளேசர் என்று பெயர். அமெரிக்காவின் ஜெரி தாமஸ் 1862இல் வெளியிட்ட கையேட்டில் இதை எழுதினார். காபி ஆற்றிப் பழகிய கை என்று நம்பி இறங்காதீர்கள். சிந்தினால் காபி சுடுவதோடு நின்றுவிடும். இதில் தரைவிரிப்பும் திரைச்சீலையும் பற்றிக்கொள்ளும்.

கிளாஸ்கோவில் படிக்கும் மாணவி: புத்தாண்டு இரவுக்கு வீட்டில் எட்டுப் பேர் கூடுகிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலக்காமல் முன்கூட்டியே செய்து வைக்க ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

இருக்கும் ஊரின் பானத்தையே செய், அம்மா: அதால் ப்ரோஸ். 1475இல் அதால் பிரபு, கலகம் செய்த தலைவன் ஒருவன் தண்ணீர் குடிக்கும் கிணற்றில் ஓட்ஸும் தேனும் விஸ்கியும் கலந்து ஊற்றி, அவன் மயங்கியதும் பிடித்தார் என்று கதை சொல்வார்கள். ஹாக்மனே என்னும் புத்தாண்டு இரவில் ஸ்காட்லாந்து வீடுகளில் இன்றும் செய்கிறார்கள்.

100 கிராம் ஓட்ஸை 300 மி.லி. தண்ணீரில் இரவு ஊறவை. மறுநாள் மெல்லிய துணியில் கட்டி, தேங்காய்ப்பால் பிழிவதுபோல இறுக்கிப் பிழி. வரும் கஞ்சித்தண்ணீர்தான் ப்ரோஸ். அதில் மூன்று மேசைக்கரண்டி தேன் கரைத்து, விஸ்கி 250 மி.லி., க்ரீம் 100 மி.லி. சேர்த்து பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வை. குடிக்கும் முன் நன்றாகக் குலுக்கு, அடியில் மாவு தங்கும். எட்டுச் சிறு கோப்பைக்குச் சரியாக இருக்கும். மது குடிக்காத தோழிகளுக்கு விஸ்கியும் க்ரீமும் சேர்க்கும் முன்பே தேன் கரைத்த ப்ரோஸில் கொஞ்சம் எடுத்துவைத்து, சூடாக்கி ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடு. பிழிந்த ஓட்ஸைக் கொட்டிவிடாதே. ஜனவரி முதல் தேதி காலையில் எல்லாரும் பசியோடு எழும்போது பால் விட்டுக் கஞ்சி காய்ச்சலாம்.