ஓல்ட் மங்க் மட்டுமே குடிச்சுப் பழகினவனுக்கு கரீபியன் ரம் பிடிக்குமா?

பிடிக்கும், ஆனா எந்த ஊர் சரக்குன்னு பாத்து வாங்கணும். கரீபியன் ரம்னு பொதுவா ஒண்ணு கிடையாது பாஸ், ஊருக்கு ஊர் டேஸ்ட் மாறும்.

நான் இருக்கிறது லண்டன்ல. தெருமுனை கடை யாழ்ப்பாணத்துக்காரரோடது, அங்க ரே அண்ட் நெப்யூ ஓவர்ப்ரூஃப்னு ஒரு ரம் எப்பவும் இருக்கும். ஜமைக்கா சரக்கு, தண்ணி கலர், ஆல்கஹால் 63 சதவீதம் (ஓல்ட் மங்க் 42.8 தான்). கவுண்டர்ல வெச்சதும் அண்ணை ஒரு பார்வை பாத்துட்டு, "தம்பி, இதை அப்படியே குடிச்சுப்போடாதேங்கோ, ஜமைக்காக்காரரே கலந்துதான் குடிக்கினம்"னார்.

மூடியத் திறந்தா போதும், தோல் கறுத்துப்போன வாழைப்பழ வாசனை ரூம் பூரா, கூடவே அன்னாசி, கொஞ்சம் பெயின்ட் கடை நெடி. எசன்ஸ் எதுவும் ஊத்தல, மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபிறகு மிஞ்சுற கரும்புப் பாகு) நொதிக்கிறப்பவே உண்டாகிற எஸ்டர்ங்கிற வாசனைப் பொருள் பண்ற வேலை, பாட் ஸ்டில்லுல, அதாவது பானை மாதிரி வடிகலன்ல வடிக்கிறப்ப அது நிறைய தங்கிடும். நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாத்தேன், இனிப்பே இல்ல, உதடு மரத்துப் போச்சு. ஓல்ட் மங்க்ல வர்ற அந்த வெனிலா வாசனைய எல்லாம் இதுல தேடாதீங்க.

அதே கடைல டிங்னு ஜமைக்கா கிரேப்ஃப்ரூட் சோடா கிடைக்கும், ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு அது, ஐஸ் நிறைய, அப்பதான் காரம் அடங்கி பழ வாசனை மட்டும் மேல வருது, சூப்பரா இருந்துச்சு. ஜமைக்கால இத குடிக்க மட்டும் வெச்சிருக்கல, சளி பிடிச்சா நெஞ்சுல தேய்ப்பாங்க, புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடுறப்ப மண்ணுல தெளிப்பாங்க, நம்ம ஊர்ல பால் ஊத்துற மாதிரி.

ஆனா உங்க கேள்விக்கு இந்த பாட்டில் பதில் இல்ல. ஓல்ட் மங்க் நாக்குக்கு கயானாவோட எல் டொராடோ 12 (12 வருஷம் பீப்பாய்ல ஊறின ரம்) வாங்குங்க. கயானா தீவு இல்லதான், தென் அமெரிக்கா, இருந்தாலும் கடைல கரீபியன் ரம் பக்கத்துலதான் அடுக்கிருப்பாங்க. அங்க மரத்துல செஞ்ச ஸ்டில்லுல இன்னும் வடிக்கிறாங்க. வெல்லம், உலர்திராட்சை வாசனை எல்லாம் வரும். அதுல மட்டும் தயவுசெஞ்சு கோக் ஊத்தாதீங்க.