கேளுங்கள், சொல்கிறோம்: சுவருக்கு அந்தப் பக்கம்

கேள்வி: நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்துப் பழைய லயம், வரிசை வீடு. பக்கத்துக் காம்பராவில் என் நாத்தனார் குடும்பம், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. போன வாரம் நல்ல மழையில் அவர் புருசனிடம், "அவகிட்ட சொல்லவேணாம்… தீவாளிக்கு முந்தி முடிச்சிருவோம்… அட்வான்ஸ்…" என்றது கேட்டது. எங்கள் மரக்கறித் தோட்டத்தில் அவர்களுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அதைத்தான் பேசுகிறார்களா? நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.
- ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். மரக்கறித் தோட்டம் நாத்தனார் வாயில் வரவே இல்லை, உங்கள் கடிதத்தில்தான் வருகிறது.

"அவ" என்று ஒருத்தர் சொன்னால் அந்த அவ யார் என்பது பேச்சில் முன்னாலேயே வந்திருக்க வேண்டும், அந்த இடம் உங்கள் காதுக்கு எட்டவில்லை. நேரில் "அண்ணி, வாங்க" என்கிறவர் முதுகுக்குப் பின்னால் உங்களை "அவ" என்பாரா? அது உங்களுக்குத்தான் தெரியும். "முடிச்சிருவோம்" என்றால் எதை? கூடப் பேசுகிறவருக்குத் தெரிந்ததை நாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மகளுக்குத் தெரியாமல் ஒரு சோடித் தோடு எடுக்கிற யோசனையாக இருக்கலாம், தீபாவளி அட்வான்ஸ் வந்ததும் கடைக்கடனை முடிக்கிற பேச்சாகவும் இருக்கலாம். பாருங்கள், நானும் ஊகிக்கத் தொடங்கிவிட்டேன்!

அப்புறம் அந்த மழை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஒரு இருமலை வைத்துப் போட்டுக் காட்டினார், 1970இல் அது வெளிவந்தது. கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் வாக்கியம் முழுசாக இருக்கிறது என்றே சொன்னார்கள், இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூடச் சரியாகக் காட்ட முடியவில்லை. ஒரு இருமலுக்கே இப்படி, தகரத்தில் கொட்டுகிற மழைக்குச் சொல்லவா வேண்டும். "அட்வான்ஸ்" என்பதையே உங்கள் காது கட்டிக்கொண்டிருக்கலாம்.

இது விளையாட்டு விசயமும் இல்லை. 1952இல் இங்கிலாந்தின் குரோய்டனில் ஒரு பொலிஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட 16 வயதுப் பையனைப் பார்த்து, கூட வந்த டெரெக் பென்ட்லி "அவனுக்குக் கொடு" என்கிற மாதிரி ஏதோ சொன்னதாகப் பொலிஸார் சாட்சி சொன்னார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பேச்சுக்கு இரண்டு அர்த்தமும் வரும்: துப்பாக்கியைக் கொடுத்துவிடு என்பதா, சுடு என்பதா? அப்படி ஒரு வார்த்தை வரவே இல்லை என்றார்கள் இரண்டு பேரும். பென்ட்லியை 1953இல் தூக்கில் போட்டார்கள். தீர்ப்பு செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 1998இல்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது, "அன்னைக்கு மழையில நீங்க பேசுனது அரைகுறையா கேட்டுச்சு, அட்வான்ஸுன்னு என்னமோ, என்ன விசயம்?" என்று கேட்டுவிடுங்கள். அந்தச் சுவருக்கு இதை ஒட்டுக்கேட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: பஸ்ஸில் ரெண்டு பேர் சத்தமாகப் பேசினாலும் தூங்கிவிடுகிறேன், ஒருத்தர் போனில் பேசினால் தூக்கம் போய்விடுகிறது. ஏன்?
- ஒரு மாணவர், பண்டாரவளை

பதில்: இதை 2010இல் அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சோதித்து எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேச்சு காதில் விழுந்தபோதுதான் மற்றவர்களின் கவனம் கூடுதலாகக் கெட்டது. அடுத்து என்ன வரும் என்று மூளையால் முன்கூட்டி ஊகிக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. பதுளை ரோட்டு வளைவுகளிலும் தூங்குகிற ஆள் என்றால், தம்பி, உங்களுக்கு வேறு ஒரு குறையும் இல்லை.