ஆறு கடிகாரமும் ஒரே நொடியில் மாற வேண்டும்

கேள்வி: ஆறு டிஜிட்டல் கடிகாரங்கள் செய்தேன், ஒவ்வொன்றிலும் நேரம் எண்ணும் ஒரு டிஎஸ்1307 மாட்யூல். ஆறுக்கும் ஒரே சமயத்தில்தான் நேரம் வைத்தேன். மூன்று வாரத்தில் அரை நிமிடத்துக்கு மேல் விலகிவிட்டன. கிரிஸ்டல் மட்டமானதா?

பதில்: இல்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. கிரிஸ்டல் என்னும் அந்தச் சின்ன உருளைக்குள் இருக்கும் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிர வேண்டும். பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒன்று வரும், அதற்காகத்தான் அந்த எண். ஆனால் எந்தக் கிரிஸ்டலும் அச்சடித்தாற்போல் அந்த எண்ணில் நிற்காது. வழக்கமாகக் கிடைப்பதில் 20 பிபிஎம் வரை பிசகு இருக்கும், அதாவது பத்து லட்சத்துக்கு 20. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி. ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் இடைவெளி இரண்டு பங்கு. போதாததற்கு, இந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியை ஒட்டித்தான் முழு வேகத்தில் ஓடும், அதைவிடச் சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். அடுப்பு பக்கத்தில் தொங்கும் கடிகாரமும் படுக்கையறைக் கடிகாரமும் ஒத்துப்போகவே போகாது.

டிஎஸ்3231 போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நல்ல சிப்தான், வெப்பநிலையை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும், சாதாரண அறைச் சூட்டில் 2 பிபிஎம்முக்குள் நிற்கும். அப்படியும் வருடத்துக்கு ஒரு நிமிடம் போகலாம். விலகுவது தாமதமாகும், அவ்வளவுதான். என் யோசனை இதுதான்: ஆறு கடிகாரம் செய்யாதீர்கள். ஒரே கடிகாரம் செய்து அதற்கு ஆறு முகம் வையுங்கள். நேரம் எண்ணும் வேலை மாஸ்டருக்கு மட்டும், மற்றவை அது சொல்வதைக் காட்டினால் போதும்.

கேள்வி: மாஸ்டர் ஆர்டுயினோவிலிருந்து (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) ஆர்எஸ்-485 என்னும் இரண்டு ஒயர் லைன் வழியாக ஒவ்வொரு கடிகாரத்துக்கும் நேரம் அனுப்புகிறேன். நேரம் சரி, ஆனால் நொடி மாறும்போது ஒன்றன்பின் ஒன்றாக அலை போல மாறுகின்றன. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

பதில்: அந்த எரிச்சல் எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு டிஸ்ப்ளே ஒரே பார்வையில் படும்போது, பத்தில் ஒரு நொடி வித்தியாசத்தைக் கூடக் கண் பிடித்துவிடும். எந்த நேரத்தைக் காட்ட வேண்டும் என்பது ஒரு செய்தி, எப்போது காட்ட வேண்டும் என்பது இன்னொரு செய்தி. நீங்கள் இரண்டையும் சேர்த்து அனுப்புகிறீர்கள், அதுவும் வரிசையாக ஆறு பேருக்கு. பிரித்துவிடுங்கள்.

முதலில், தனித்தனி முகவரி வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை அனுப்புங்கள். 10:15:30 காட்டிக்கொண்டிருக்கும்போதே, அரை நொடி வாக்கில், அடுத்து வரப்போகும் 10:15:31-ஐ முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஸ்லேவ்கள், அதாவது மாஸ்டர் சொல்வதைக் காட்டும் கடிகாரங்கள், அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். நொடி பிறக்கும் அந்தக் கணத்தில் மாஸ்டர் ஒரே ஒரு எழுத்தை அனுப்பட்டும், அது வந்ததும் எல்லாம் மாற வேண்டும். 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்து போக ஏறக்குறைய 1 மில்லிநொடிதான், அந்தத் தாமதமும் ஆறுக்கும் ஒன்றே. அந்தக் கணத்தைத் தெரிந்துகொள்ள, மாஸ்டரில் இருக்கும் டிஎஸ்3231-இன் ஸ்கொயர்வேவ் பின்னை (சீராகத் துடிப்பு தரும் கால்) 1 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு ஒரு துடிப்புக்கு வைத்து, துடிப்பு வந்ததும் புரோகிராமை உடனே கூப்பிடும் இன்டரப்டில் கொடுங்கள். அந்தப் பின்னை மின்சப்ளையோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சிக்னலே வராது, நிறையப் பேர் சறுக்கும் இடம் அது.

அப்புறம் உங்கள் ஸ்லேவ் புரோகிராமைத் திறந்து எங்கேயாவது டிலே(100), அதாவது 100 மில்லிநொடி சும்மா நில் என்று இருக்கிறதா பாருங்கள். நிச்சயம் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுத்து வந்து வாசலில் நிற்கும்போது புரோகிராம் தூங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு அளவு தாமதிக்கும். எல்லா டிலேயையும் எடுத்துவிடுங்கள்.

ஒயரிங்கில் ஒரே விஷயம்: முறுக்கிய ஜோடி ஒயர், 120 ஓம் ரெசிஸ்டர் லைனின் இரண்டு கோடிகளில் மட்டும். ஒவ்வொரு கடிகாரத்திலும் போடக் கூடாது.

முடித்ததும் போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். நொடிக்கு 240 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லிநொடி. இரண்டு டிஸ்ப்ளேயை ஒன்றாக வைத்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால், 9 அழிந்து 0 வரும் இடத்தில் இரண்டும் சேர்ந்து மாறுகிறதா என்று தெரிந்துவிடும். அலைகிற கடிகாரத்தைச் சரிசெய்து அந்த வீடியோவை மறுபடி பார்ப்பது இந்த வேலையிலேயே பெரிய சந்தோஷம்.

கேள்வி: மாடிக்கு ஒயர் இழுக்க முடியாது. வைஃபையில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப் போட்டு, இணையத்தில் நேரம் கேட்டு வாங்கும் முறையான என்டிபி மூலம் நேரம் வாங்கலாம். மணிக்கு ஒருமுறை கேட்டால் 20 பிபிஎம் கணக்கில் இடையில் 72 மில்லிநொடி வரை நழுவும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 12. ஆறும் வெளியே போய் அடிக்கடி கேட்பதைவிட, வீட்டுக்குள்ளேயே ஒன்று மட்டும் வெளியில் கேட்கட்டும், மற்றவை அதனிடம் கேட்கட்டும். நேரம் முந்தியிருந்தால் சட்டென்று பின்னால் தள்ளாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்குங்கள். தள்ளினால் ஒரே நொடி இரண்டு தடவை வரும்.

கேள்வி: ஒயர் அறுந்தால் ஸ்லேவ் என்ன காட்டுவது? பேட்டரியும் தனிச் சிப்பும் வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். தப்பான நேரத்தை நம்பிக்கையோடு காட்டும் கடிகாரத்தைவிட ஒன்றும் காட்டாத கடிகாரம் எவ்வளவோ மேல். மூன்று நொடி சிக்னல் வராவிட்டால் நடுவில் துடிக்கும் இரண்டு புள்ளிகளை நிறுத்திவிட்டு, ஸ்லேவ் தன் சொந்தக் கணக்கில் ஓட்டட்டும். பத்து நிமிடம் தாண்டியும் வராவிட்டால் வெறும் கோடுகள் மட்டும் காட்டட்டும். புள்ளி துடிக்கவில்லை என்றால் ஒயரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள்.