முள்ளங்கி பூக்குது, கிழங்கு இறங்கவில்லை

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் பல வருடமாக வெள்ளை முள்ளங்கி போட்டு, பாசாரில் விற்கிறேன். கனடாவில் எட்மன்டனில் இருக்கும் மகளுக்கு அதே விதையைக் கொடுத்தனுப்பினேன். வீட்டுக்குள் கப்பில் முளைக்க வைத்து, மே தொடக்கத்தில் பாத்தியில் நட்டாள். ஜூனில் எல்லாம் பூத்துவிட்டது, கிழங்கு விரல் பருமன்கூட இல்லை. மண்தான் கெட்டுவிட்டதோ என்று கவலைப்படுகிறாள். டவுன் கடைக்காரர் கிழங்கு பெருக்கும் மருந்து இருக்கிறது என்கிறார். வாங்கி அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீர்கள் ஐயா. பூத்தண்டு ஓடிய முள்ளங்கியில் எந்த மருந்தும் கிழங்கை இறக்காது. தெரிந்தே அதை விற்பவர் உங்கள் காசைத்தான் குறி வைக்கிறார்.

மண்ணில் குற்றமில்லை. எந்த விதை, எந்த மாதம் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். முள்ளங்கி விதை ஈரம் குடித்த நாளிலிருந்தே குளிரை உணரும். 10 டிகிரிக்குக் கீழே சில வாரம் கிடந்தால் பூக்கத் தயாராகிவிடும். அப்புறம் நீண்ட பகல் வந்தால் தண்டு கிளம்பிவிடும். சுங்கை சிப்புட்டில் வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. எட்மன்டனில் ஜூனில் 17 மணி நேரம். நம் ஊர் வெயிலுக்குப் பழகிய ரகம் அங்கே தாங்காது.

விதை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ரகத்தின் பெயரும் தேதியும் இல்லாத பொட்டலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டின்னிலிருந்து அள்ளி பிளாஸ்டிக் பையில் கட்டி, “எல்லா ஊருக்கும் ஆகும்” என்று விற்கிறார்களே, எந்த ஊருக்கும் பொறுப்பேற்காத விதை அது. உரத்துக்கு நூறு வெள்ளி கொடுக்கிறவர்கள் விதைக்கு இரண்டு வெள்ளி பேரம் பேசுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. மகளை அங்கேயே, சீக்கிரம் தண்டு ஓடாத கொரிய அல்லது ஜப்பானிய ரகம் என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நீள முள்ளங்கியை ஜூலை நடுவில் விதைக்கட்டும். மண் சூடாக இருக்கும், பகலும் குறைந்துகொண்டே வரும், செப்டம்பரில் பிடுங்கலாம். வசந்தத்தில்தான் வேண்டுமென்றால் 25, 30 நாளில் வரும் சின்னச் சிவப்பு உருண்டை போதும். ஜப்பானில் வசந்தப் பயிருக்குப் பாத்தி மேல் பிளாஸ்டிக் கூடாரம் போடுவார்கள். பகலில் உள்ளே ஏறும் சூடு, இரவு வாங்கிய குளிரின் வேலையைக் கலைத்துவிடும்.

கப்பில் வளர்த்து நடுவது வேண்டவே வேண்டாம். முளைவேர் நூல் மாதிரி இருக்கும், அதன் நுனி கப்பின் அடியில் முட்டி மடங்கினாலே கிழங்கு இரண்டு காலாகப் பிரிந்துவிடும். விதையை நேராகப் பாத்தியில் போட்டு, முளைத்ததும் நெருக்கமாக இருக்கும் நாற்றைப் பிடுங்கிவிடட்டும். தழைச்சத்தும் அதிகம் வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

பூத்த செடியில் காய் இளசாக இருக்கும்போதே பறித்துச் சமைக்கலாம். அதிலிருந்து விதை மட்டும் எடுக்க வேண்டாம். முந்திப் பூக்கும் குணம்தான் அடுத்த பயிரிலும் வரும்.