நான் கையெழுத்துப் போடாத வக்காலத்து

கேள்வி: எங்கள் தந்தை உயில் எழுதாமல் காலமானார். ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. வாரிசுகள் அக்கா, நான், தம்பி மூவரும்தான். சென்ற மாதம் தம்பி தொலைபேசியில், "என் மேலயே கேஸ் போட்டுட்டியேக்கா" என்று அழுதான். அவனுக்கு வந்த சம்மனில் முதல் வாதி அக்கா, இரண்டாம் வாதி நான். பாகப்பிரிவினை வழக்கு. அந்த வழக்கறிஞரை நான் பார்த்ததுகூட இல்லை. அக்கா கணவரோ, "உனக்கும் சேர்த்துத்தானே கேட்கிறோம்" என்கிறார். என் சம்மதமில்லாமல் இப்படி வழக்குப் போட முடியுமா? நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டிவனம்

பதில்: முடியாது, சகோதரி. ஒருவருக்காக வழக்கறிஞர் நீதிமன்றத்தில் செயல்பட வேண்டுமானால், அவரோ அவரிடம் முறையாக அதிகாரம் பெற்ற முகவரோ கையொப்பமிட்ட வக்காலத்து, அதாவது வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம், வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதி கூறுகிறது. அக்கா கணவருக்கு நீங்கள் அதிகாரப் பத்திரம் எதுவும் எழுதித் தராதபோது, அவர் சொல்லை உங்கள் சொல்லாக எடுத்துக்கொள்ள எந்த வழக்கறிஞருக்கும் உரிமை இல்லை. உங்கள் நன்மைக்குத்தான் என்பது இதற்குப் பதிலாகாது; யார் மீது வழக்குத் தொடுப்பது, தொடுக்காமலே இருப்பதா என்பது உங்கள் முடிவு.

முதல் வேலையாக, நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு வக்காலத்து, பிராது (வழக்கைத் தொடங்கும் மனு), அதனுடன் உள்ள பிரமாணப் பத்திரம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். பிராதின் கடைசியில் வாதி கையொப்பமிடும் இடமும், அதன் கீழே "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று சரிபார்த்துக் கையொப்பமிடும் இடமும் இருக்கும். ஆகவே, உங்கள் பெயரில் ஒரு கையொப்பம் அல்ல, பல கையொப்பங்கள் அங்கே இருந்தாக வேண்டும். அவற்றை உங்கள் வங்கிப் புத்தகக் கையொப்பத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு, பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லி யாராவது உங்களிடம் நிரப்பாத அச்சுத் தாள்களில் கையெழுத்து வாங்கினார்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். நான் பார்த்தவரையில் வெறும் தாளில் வாங்கிய கையெழுத்துகள்தாம் அதிகம். தேதியும் கையொப்பமிட்டவர் பெயரும் இல்லாத வக்காலத்துகள் சர்வசாதாரணமாகத் தாக்கல் ஆவதை 2005-இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் வருத்தத்துடன் சுட்டிக்காட்டியது.

தாமதிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அச்சிட்ட வக்காலத்தின் பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்: சமரசம் செய்துகொள்ள, பணம் பெற்றுக்கொள்ள, வழக்கைத் திரும்பப் பெற என்று வரிசையாக அதிகாரங்கள் இருக்கும். கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் அவருடைய உரிமையை வழக்கறிஞர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கூறியிருந்தாலும், உங்கள் பெயரால் ஒரு சமரசத் தீர்ப்பாணை வந்த பிறகு அதை உடைப்பதைவிட, இப்போதே தடுப்பது பல மடங்கு எளிது.

எனவே நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு வழக்கறிஞர் மூலம், "இந்த வழக்கைத் தொடர நான் யாருக்கும் அதிகாரம் தரவில்லை" என்று பிரமாணப் பத்திரத்துடன் மனுத் தாக்கல் செய்யுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு நீங்கள் உரியவர். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வழக்கிலிருந்தே விலக வேண்டும் என்று கேட்காதீர்கள். பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் அனைவரும் தரப்பினராக இருந்தே ஆக வேண்டும். வாதிகள் வரிசையிலிருந்து நீக்கிப் பிரதிவாதியாகச் சேர்க்கும்படி கேளுங்கள். அதனால் உங்கள் பங்கு ஒரு சென்ட்கூடக் குறையாது. "நான் கேஸ் போடவில்லை, ஆனால் என் பாகம் எனக்கு வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வழக்கறிஞரைப் பொறுத்தவரை, அவரும் உங்கள் அக்கா கணவரால் ஏமாற்றப்பட்டிருக்கலாம்; முதலில் பதிவுத் தபாலில் விளக்கம் கேளுங்கள். ஆனால் கட்சிக்காரரின் முகத்தையே பார்க்காமல் வக்காலத்தை ஏற்றதை நான் சிறிய தவறாகக் கருத மாட்டேன். விளக்கம் சரியில்லை என்றால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் சங்கக் குழுவிடம், அதாவது பார் கவுன்சிலிடம், எழுத்துமூலம் புகார் செய்யலாம். கண்டனம் முதல் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனைகள் உள்ளன. கையொப்பம் போலி என்றால் அது தனிக் குற்றம். 2024 செப்டம்பரில், தன் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மேல்முறையீட்டு மனுவைத் தான் போடவே இல்லை என்று உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒருவர் சொன்னபோது, நீதிபதிகள் அதைச் சாதாரணமாக விடவில்லை. மத்திய புலனாய்வுத் துறை விசாரணைக்கே உத்தரவிட்டார்கள். மனுதாரர் நேரில் வராமலேயே அவருடைய பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி சான்றளித்திருந்ததும் அப்போது வெளிவந்தது.

நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து, வேறு வழக்குகள் உள்ளனவா என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் மனுவை நீதிமன்றம் எண்ணிட்டுக் கோப்பில் ஏற்றதும் அதன் நகல் ஒன்றைத் தம்பி கையில் கொடுங்கள். தொலைபேசியில் அவன் அழுததற்கு அதுதான் உங்கள் பதில்.