பழைய ஜப்பானிய வால்வு ஆம்ப்: சொருகுவதற்கு முன்

கேள்வி: டோக்கியோவின் நிஷி கசாயில் வசிக்கிறேன். பழைய பொருள் கடை ஒன்றில், ‘ஜங்க்’ என்று சீட்டு ஒட்டிய டெய்ஸ்கோ செக்மேட் வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன். கடையில் மின்சாரம் கொடுத்துப் பார்க்க விடவில்லை. வீட்டில் சொருகிப் பார்க்கலாமா?

பதில்: இன்று வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். ‘ஜங்க்’ என்ற சீட்டுக்கு ஜப்பானியக் கடை வழக்கில் பழுதானது என்பது மட்டும் பொருளன்று. நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை, பிறகு குறை சொல்லிக் கொண்டுவந்தால் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டோம் என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

1965 ஜனவரியில் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் குழு ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்ததை அடுத்து, அந்நாட்டு இளைஞர்களிடையே ‘எலெக்கி’ மோகம் பற்றிக்கொண்டது. எலெக்ட்ரிக் கிதாரை அவர்கள் அப்படித்தான் சுருக்கி அழைத்தார்கள். டெய்ஸ்கோ, குயாடோன், எல்க், ஏஸ் டோன் ஆகிய நிறுவனங்களின் ஆம்ப்கள் அந்த அலையில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. டெய்ஸ்கோ 1967-இல் கவாய் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஏஸ் டோனை நடத்திவந்த இகுதாரோ ககேஹாஷி, அதிலிருந்து விலகி 1972-இல் ரோலண்டை நிறுவினார். உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 60 வயதான கருவி என்பதை உணர்த்தவே இவற்றைச் சொல்கிறேன். வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளும், டிரான்ஸ்ஃபார்மர்களும் அந்த வயதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். நம் ரேடியோ மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று சொல்லும் மின்தேக்கிகளில், மின்பகு வகையைச் சேர்ந்தவை தாங்குவதில்லை.

இவ்வகை மின்தேக்கியின் உள்ளே இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவில் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும்போது அந்த ஈரம் காய்வதோடு, மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் ஆக்சைடு படலமும் நலிந்துபோகிறது. அந்த நிலையில் திடீரென்று 300 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால், மின்தேக்கி சூடாகி வெடிக்கலாம். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயரும் அதைத் தொடர்ந்து பவர் டிரான்ஸ்ஃபார்மரும் எரியலாம். மின்தேக்கி எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. தனியாகச் சுற்றித்தான் செய்ய வேண்டும்.

ஆகவே முதலில் பின்பலகையைக் கழற்றி, மின்பகு மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். மின்தேக்கு அளவு பழையதை ஒட்டியும், வோல்ட் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். ரெக்டிஃபயரும் வால்வாக இருக்கும் ஆம்பில், அதை அடுத்த முதல் மின்தேக்கியைப் பெரிதாக்கினால் இரைச்சல் குறையும் என்று எண்ணிப் பலர் அளவை ஏற்றிவிடுகிறார்கள். 6சிஏ4 என்ற ரெக்டிஃபயர் வால்வுக்கு 50 மைக்ரோஃபாரட் என்பதே தயாரிப்பாளர்கள் வகுத்த எல்லை. அதை மீறினால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அந்த வால்வை வதைக்கிறோம்.

அடுத்து, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு ஒலியைக் கடத்தும் சிறிய மின்தேக்கிகளைப் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் பழுது பார்த்த ஆம்பில், ஸ்பீக்கரை இயக்கும் 6பிக்யூ5 வால்வுகள் இரண்டு இருந்தன. ஒலி தெளிவாகவே வந்தது. பத்து நிமிடம் கழித்து அறை விளக்கை அணைத்தபோது, ஒரு வால்வின் நடுவில் இழை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. மற்றதில் சாம்பல் நிறத் தகடே, தையல் விளிம்பு ஓரமாக, அடுப்புக் கரியைப் போலச் சிவந்திருந்தது. உடனே அணைத்து, அந்த வால்வைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கி, சாக்கெட்டின் இரண்டாம் பின்னில், அதாவது வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில், வோல்ட் அளந்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 9 வோல்ட் காட்டியது. முந்தைய வால்வின் உயர் வோல்ட்டைத் தடுக்க வேண்டிய மின்தேக்கி கசிந்துகொண்டிருந்தது. கிரிட் நேர்மின் பக்கம் நகர்ந்ததால் அந்த வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்தது. அந்த ஒரு சிறு மின்தேக்கியை மாற்றியதும் சிவப்பு போய்விட்டது. வால்வைக் குற்றம் சொல்லி புதிது வாங்கிப் போட்டிருந்தால், புதிதும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, நம் ஊர் மெக்கானிக்குகள் செய்வதைப் போல ஒரு இழை பல்பை லைனில் தொடராக இணையுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் ஒரு நொடி பளிச்சிட்டு மங்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகள் பொசுங்கிவிடக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சொருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு காப்பிட்ட கம்பிகளில் பொருத்தி, அதன் வழியே ஒவ்வொன்றையும் சில நொடிகள் வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். இதைச் செய்து பழக்கமில்லையென்றால், பழகிய ஒருவரிடம் ஆம்பைக் கொடுத்துவிட்டு அவர் அருகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் ஆம்பில் எர்த் இல்லாத இரண்டு பின் வயர்தான் உள்ளது. கிதாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பாடும்போது உதட்டில் சுருக்கென்கிறது. சொருகியைத் திருப்பிப் போட்டால் குறைகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. அக்காலத்து ஆம்ப்கள் பலவற்றில், இரைச்சலைக் குறைப்பதற்காக லைனுக்கும், ஆம்பின் உலோகச் சட்டமான சேஸிஸுக்கும் இடையே ஒரு மின்தேக்கியை வைத்தார்கள். அது கசிந்தால் சேஸிஸிலும், கிதார் கம்பிகளிலும், கடைசியில் உங்கள் உடம்பிலும் மின்சாரம் ஏறும். முழுதாக ஷார்ட் ஆகிவிட்டால் சுருக்கென்பதோடு நிற்காது. அதைக் கழற்றிவிட்டு, மூன்று இழை வயர் போட்டு, பச்சை-மஞ்சள் இழையைச் சேஸிஸில் அசையாதபடி திருகி, லைனில் சரியான ஃபியூஸ் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள். ஜப்பானிய வீடுகளில் அறைச் சுவரிலுள்ள பிளக்குகளில் பெரும்பாலும் எர்த் இருப்பதில்லை. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் வைக்கும் இடங்களில் அதற்கென்று ஒரு திருகுமுனை இருக்கும். ஆம்பை அதற்கு அருகில் வைத்து அதனுடன் இணையுங்கள்.

கேள்வி: ஒசாகாவில் வேலை முடிந்து திருச்சிக்குத் திரும்புகிறேன். என் குயாடோன் ஆம்புக்கு 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதுமா?

பதில்: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், 110 அன்று. வித்தியாசம் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு அப்போது 6.9 வோல்ட் போகும். அது வால்வு தாங்கக்கூடிய வரம்பின் விளிம்பு. நம் வீட்டில் லைன் 240-ஐத் தொடும் மாலை நேரத்தில் அது 7.2 வரை ஏறிவிடும். வால்வின் தகடான பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்ட்டும் அதே விகிதத்தில் கூடும். 230-இலிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரையே கேட்டு வாங்குங்கள், அல்லது சுற்றித்தரச் சொல்லுங்கள். ஒரே சுற்று உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மலிவு என்றாலும் அதில் லைனிலிருந்து பிரிப்பு இல்லை. இரண்டு தனிச் சுற்றுகள் உள்ளதே நல்லது. ஆம்பின் பின்தகட்டில் குறித்துள்ள வாட் அளவைப்போல இரு மடங்கு திறன் இருக்கட்டும்.

இன்னொன்றையும் அந்தத் தகட்டிலேயே பாருங்கள். கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா உள்ளிட்ட மேற்கில் 60 ஹெர்ட்ஸ். 1895-இல் டோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்தும் மறு ஆண்டு ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர்கள் வந்ததன் விளைவு இன்றுவரை நீடிக்கிறது. இந்தியாவில் 50. தகட்டில் 50/60 என்று இருந்தால் கவலை இல்லை. 60 மட்டும் இருந்தால், அல்லது அமெரிக்க ஏற்றுமதிக்கான 117 வோல்ட் ஆம்பாக இருந்தால், 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு காந்த நிறைசெறிவை எட்டிச் சூடேறக்கூடும்; முதல் ஒரு மணி நேரம் அதன் சூட்டை அடிக்கடி கவனியுங்கள்.

கேள்வி: வால்வுகளை எல்லாம் புதிதாக மாற்ற வேண்டுமா? பழைய பாகங்களைக் கழற்றினால் மதிப்பு குறையாதா?

பதில்: வேலை செய்யும் வால்வைத் தூக்கி எறியாதீர்கள். தோஷிபா, மட்சுஷிடா, என்இசி, ஹிட்டாச்சி என்ற பெயர் பொறித்த அக்கால வால்வுகள் இன்றும் பல ஆம்ப்களில் நன்றாகவே பாடுகின்றன. தேவைப்பட்டால் மாற்று கிடைக்காத வகைகளும் அல்ல அவை: 6பிக்யூ5 என்பதும் இஎல்84 என்பதும் ஒன்றே, 12ஏஎக்ஸ்7-க்கு இசிசி83, 6பிஎம்8-க்கு இசிஎல்82 என்று ஐரோப்பியப் பெயர்கள். டோக்கியோவின் அகிஹபாராவில், ரேடியோ டிபார்ட்மென்ட் கட்டடத்துச் சிறு கடைகளில் தேடிப் பாருங்கள். வால்யூமைத் திருகும்போது எழும் கரகரப்பை ஜப்பானியர்கள் ‘கரி’ (gari) என்பார்கள். அதற்குக் கான்டாக்ட் கிளீனர் பெரும்பாலும் போதும்.

மதிப்பைப் பொறுத்தவரை, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், பெட்டியின் துணி, பெயர்ப்பலகை ஆகியவற்றைத் தொடாமல் காத்தால் போதும் என்பது என் கருத்து. காய்ந்துபோன மின்தேக்கியில் காக்க வேண்டியது எதுவுமில்லை. ஆனாலும் கழற்றியதை வீசிவிடாமல் ஒரு உறையில் இட்டு, எந்த இடத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று எழுதி, ஆம்ப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்தப் பின்பலகையைத் திறப்பவருக்கு அது உதவும்.