ஒரே சாலையில் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு கட்டணம், தரை வீட்டுக்கு வேறு கட்டணமா?

கோலாலம்பூரின் செந்தூலில் வாடகை வீடு தேடுகிறீர்கள். எதிரும் புதிருமாக இருக்கும் அடுக்குமாடிக்கும் தரை வீட்டுக்கும் இணையக் கட்டணம் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குள் வரும் கம்பி யாருடையது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

இங்கே தரை வீடுகளுக்குப் போகும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி, பெரும்பாலும் டெலிகோம் மலேசியா நிறுவனம் போட்டது. 2008இல் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து தொடங்கிய திட்டம் அது. மொத்தச் செலவு 1,130 கோடி ரிங்கிட், அதில் 240 கோடி அரசாங்கப் பணம். 2010 மார்ச்சில் அந்தக் கம்பியில் அதன் யூனிஃபை இணையச் சேவை வந்தபோது 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) வேகத்துக்கு மாதம் 149 ரிங்கிட்!

மாக்சிஸ் போன்ற நிறுவனங்களும் அதே கம்பியை வாடகைக்கு எடுத்து விற்றன. ஆனால் டெலிகோமுக்கு அவர்கள் கொடுக்கும் அந்த மொத்த விற்பனை விலையை இரு தரப்பும் தாங்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். வாங்கும் விலை இறங்காமல் விற்கும் விலை எப்படி இறங்கும்? 2018 ஜூனில்தான் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் விதித்த உச்சவரம்பு இந்த மொத்த விற்பனை விலைக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது தொடர்பு, பல்லூடக அமைச்சராக இருந்த கோபிந்த் சிங் டியோவும் விடாமல் நெருக்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் மாக்சிஸ் 30 எம்பிபிஎஸ்ஸை 89 ரிங்கிட்டுக்கும் 100 எம்பிபிஎஸ்ஸை 129க்கும் கொடுத்தது. மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். மக்கள் பணம் கலந்த கம்பிக்கு இந்த உச்சவரம்பை 2010லேயே போட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2019இல் நாங்கள் நிறுவனம் மாறினோம். வந்த தம்பி புதுக் கம்பி எதுவும் இழுக்கவில்லை. சுவரோரம் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்த அதே பழைய மெல்லிய கம்பியின் நுனியைத் துடைத்து, புதுப் பெட்டியில் செருகினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பில்லில் பெயர் மாறியது, பணம் குறைந்தது.

சரி, மாடி வீட்டில் ஏன் இன்னும் மலிவு? அங்கே டைம் என்ற இன்னொரு இணைய நிறுவனம் தன் சொந்த ஃபைபரையே கொண்டுபோகிறது. ஒரு கட்டடத்தில் ஒருமுறை கம்பி ஏற்றினால் நூற்றுக்கணக்கான வீடுகள் கிடைக்கும். தரை வீடுகளுக்கோ ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியாக இழுக்க வேண்டும், அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் டைம் பெரும்பாலும் மாடிகளையே பிடித்தது. 2018இல் 100 எம்பிபிஎஸ்ஸை 99 ரிங்கிட்டுக்கு அதனால் தர முடிந்தது. உச்சவரம்பு நல்லதுதான், ஆனால் வாசலுக்கு இரண்டாவது கம்பி வருவது அதைவிட நல்லது.

வாடகை முன்பணம் கட்டுவதற்கு முன் கட்டட நிர்வாக அலுவலகத்தில் எந்தெந்த நிறுவனத்தின் கம்பி மேலே ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் வீட்டு எண்ணையே போட்டுப் பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது என்பதற்காக உங்கள் கட்டடத்திலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.